அடுத்து மனையாகும் வயல் எது? அறிகுறிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் நெல்லும் கரும்பும் விளைந்த பல வயல்களில் இன்று கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். வேறு சில வயல்களில் வீடும் வரவில்லை, பயிரும் இல்லை; சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் எந்தப் பக்கத்து நிலம் சாகுபடியிலிருந்து விலகும் என்பதை ஓரளவுக்காவது முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடிந்தால், சிறு விவசாயிக்கு அது பெரிய உதவியாகும். நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு அறுபது ஆண்டுகள் வரை பலன் தரும். ஆழ்குழாய்க் கிணறு போட வாங்கிய கடன் அடையவும் பல ஆண்டுகள் வேண்டும். நிலத்தை விற்றுவிட்டாலோ மீண்டும் வாங்குவது கனவுதான். இத்தகைய முடிவுகளைத் தரகர் சொல்லும் சேதியை மட்டும் நம்பி எடுப்பது விவேகமல்ல.

ஊர் எந்தத் திசையில் வளரும், எந்த நிலம் மாறும் என்று கணிக்கும் முறைகள் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன. கம்ப்யூட்டர் உதவியுடன் செய்யும் இக்கணிப்புகளை நகரத் திட்ட அலுவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கணிப்பின் தரம் கம்ப்யூட்டரின் வேகத்தில் இல்லை. அதற்குள் எந்தெந்த அறிகுறிகளைக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. விதை பதராக இருந்தால் எவ்வளவு உரம் போட்டாலும் விளைச்சல் வராதல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

அறிகுறி வேறு, காரணம் வேறு

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பது கிராமத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. எறும்பு நல்ல அறிகுறி. ஆனால் மழையை எறும்பு கொண்டுவருவதில்லை. நில மாற்றத்திலும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. மாற்றத்தை முன்கூட்டிக் காட்டுவது அறிகுறி. மாற்றத்தை உண்டாக்குவது காரணம். சில வேளைகளில் இரண்டும் ஒன்றாக இருக்கும்; பல வேளைகளில் இருப்பதில்லை. தோல் தொழில் வட்டாரத்தில் இதைக் குழப்பிக்கொண்டால், சாயக் கழிவும் உப்பும் கெடுத்த நிலத்தையும் 'நகர வளர்ச்சி எடுத்துக்கொண்டது' என்று கணக்கில் எழுதிவிட நேரும். நட்டஈடு கேட்கும் விவசாயிக்கு இது சிறிய விஷயமல்ல.

கணிப்பு எப்படி நடக்கிறது?

முதலில் ஒரே இடத்தின் இரண்டு காலத்துப் படங்களை எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக் கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 1982-லிருந்து கிடைக்கும் படங்களில் ஒரு கட்டம் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது சுமார் 22 சென்ட் நிலம். 2015 முதல் வரும் ஐரோப்பிய சென்டினல் படங்களில் ஒரு கட்டம் சுமார் இரண்டரை சென்ட். முதல் படத்தில் வயலாக இருந்து இரண்டாம் படத்தில் கட்டடமாக மாறிய கட்டங்களைக் குறித்து, அவற்றுக்கு முன்னமே இருந்த பொதுவான அடையாளங்கள் எவை என்று பார்க்கிறார்கள். அதே அடையாளங்கள் இன்று எந்த வயல்களில் இருக்கின்றனவோ, அவை அடுத்து மாறக்கூடும் என்பது கணிப்பு.

இந்தச் சிந்தனை புதிதல்ல. ஜெர்மனியில் சொந்தப் பண்ணை வைத்து விவசாயம் செய்த வான் தூனென் என்பவர், எந்த நிலத்தில் எந்தச் சாகுபடி கட்டும் என்பதைச் சந்தைக்குள்ள தூரம் நிர்ணயிக்கிறது என்று 1826-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காக கீத் கிளார்க் உருவாக்கிய கணிப்பு முறை, நிலச் சரிவு, நில உபயோகம், கட்டடம் கட்டக் கூடாத பகுதி, ஏற்கெனவே உள்ள ஊர், சாலை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறது. இந்தப் பட்டியல் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. அதை அப்படியே பாலாற்றுப் படுகைக்குக் கொண்டுவந்தால் போதுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வோர் அறிகுறியையும் கீழ்க்கண்ட நான்கு சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்ப்பது நல்லது.

1. மாற்றத்துக்கு முன்பே இருக்க வேண்டும்

மனைப்பிரிவுக்குள் போட்ட மண் சாலை, மனை பிரித்த பிறகு வந்தது. அதைக் காட்டி 'சாலை இருந்ததால் மனை வந்தது' என்று சொல்வது வண்டிக்குப் பின்னால் மாட்டைப் பூட்டுவதாகும். 2000 முதல் 2020 வரை நடந்த மாற்றத்துக்கு 2000-ல் இருந்த சாலைகளைத்தான் பார்க்க வேண்டும். பம்புசெட்டைக் கழற்றுவதும் இப்படியே. நிலத்தை விற்க முடிவு செய்த பிறகு கழற்றியிருந்தால் அது அறிகுறியாகாது. அதற்கு ஐந்தாண்டு முன்பே தண்ணீர் உவர்த்துப்போயிருந்தால், அது அறிகுறி.

2. வயலுக்கு வயல் வேறுபட வேண்டும்

ஆண்டு மழை ஒரு வட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒரு கிராமத்துக்குள் எந்த வயல் முதலில் மாறும் என்று மழைக் கணக்கால் சொல்ல முடியாது. ஆனால் மேட்டு நிலமா பள்ள நிலமா, கால்வாயின் தலைப்பிலா கடைமடையிலா, பக்கத்து வயலில் வீடு வந்துவிட்டதா என்பவை வயலுக்கு வயல் மாறும். இவற்றுள் பக்கத்து வயலின் நிலை மிகவும் கவனிக்கத்தக்கது. நாலு பக்கமும் வீடு வந்தால் வாய்க்கால் அடைபடும், சாக்கடை வயலில் இறங்கும், அறுவடை இயந்திரம் வர வழி இருக்காது. ஊர் பெரும்பாலும் தன் விளிம்பிலிருந்தே பரவுகிறது என்பதால் பல கணிப்பு முறைகள் இந்த அறிகுறிக்கு முக்கிய இடம் தருகின்றன.

3. ஒன்றையே இரண்டு முறை எண்ணக் கூடாது

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே இரு புறமும் மலைகள். நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் பாலாறு, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஊர், தோல் பதனிடும் தொழிற்சாலை எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலுள்ள வயல் பெரும்பாலும் ரயிலுக்கும் ஆற்றுக்கும்கூடப் பக்கத்தில்தான் இருக்கும். இந்த எல்லாத் தூரங்களையும் தனித்தனி அறிகுறிகளாகக் கொடுத்தால், ஒரே சாட்சியை ஐந்து பெயரில் கூண்டில் ஏற்றியதாகிவிடும். எது உண்மையில் வேலை செய்கிறது என்பதும் தெரியாது. இவை பிரிந்து நிற்கும் இடங்களைத் தேடி ஒப்பிட வேண்டும். பேரணாம்பட்டு தோல் தொழில் ஊர். ஆனால் ரயில் பாதையோ சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையோ அதன் வழியாகப் போகவில்லை. அங்கே நில மாற்றம் எப்படி நடந்தது என்று பார்த்தால், தொழிற்சாலையின் பங்கையும் நெடுஞ்சாலையின் பங்கையும் ஓரளவு பிரித்தறியலாம்.

4. எல்லா வயலுக்கும் ஒரே அளவுகோலில் கிடைக்க வேண்டும்

நிலத்தின் விலை நல்ல அறிகுறி என்று தோன்றும். ஆனால் பத்திரத்தில் எழுதும் விலை வேறு, கை மாறும் விலை வேறு. அரசின் வழிகாட்டி மதிப்பு எல்லா இடத்துக்கும் கிடைக்கும். எனினும் அது சந்தை விலைக்குப் பின்தங்கியே வரும். தூரத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். பாலாற்றின் அக்கரையிலுள்ள வயல் வரைபடத்தில் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டராகத் தெரியலாம். பாலம் சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர் ஆகலாம். நேர்க்கோட்டுத் தூரத்தைவிடப் போய்ச் சேரும் நேரமே பொருத்தமான அளவு.

பட்டியலில் விட்டுப்போகும் கிணறு

மேற்சொன்ன சோதனைகளில் தேறும் அறிகுறி ஒன்று, வெளியூர்க் கணிப்பு முறைகளின் வழக்கமான பட்டியலில் இடம் பெறுவதில்லை. அது கிணற்று நீரின் உப்பு.

இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970-களுக்குப் பிறகு பதனிட்ட தோலுக்குப் பதில் முழுமையாக முடித்த தோலை ஏற்றுமதி செய்யும் கொள்கை வந்ததும் குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்கு 30 முதல் 50 கிலோ வரை உப்பு போடுகிறார்கள். தோலை ஊறவைத்துக் கழுவும்போது இந்த உப்பின் பெரும் பகுதி தண்ணீரில் இறங்குகிறது. குரோமியத்தின் பெரும் பகுதி மண்ணில் தங்கிவிடும். கரைந்த உப்பு அப்படித் தங்காது. நிலத்தடி நீரோடு நகர்ந்து கிணற்றுக்கு வரும். கழிவு நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்தாலும் கரைந்த உப்பு போகாது; சவ்வு வழியே வடிகட்டும் முறை போன்றவைதான் அதைப் பிரிக்கும். எனவே தெளிவாகத் தெரியும் தண்ணீர் எல்லாம் பாசனத்துக்கு உகந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுப்படி, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இதில் வலியுறுத்தப்பட்டது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-ல் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு நட்டஈடு நிர்ணயித்தது. 30-1-2025 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே வட்டாரத்தின் மாசு குறித்துத் தீர்ப்பளித்து, நட்டஈடு வழங்கவும் தொடர்ந்து கண்காணிக்கவும் உத்தரவிட்டது.

இவ்வளவு நிலம் சாகுபடிக்கு உதவாமல் போன ஓர் இடத்தில், ஊருக்குள்ள தூரத்தை மட்டும் வைத்து நில மாற்றத்தைக் கணித்தால் என்ன ஆகும்? தொழிற்சாலையும் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கணிப்பு ஓரளவு சரியாகக்கூட வரும். ஆனால் நிலத்தை விட்டு விவசாயி விலகியதற்கு ஊரின் இழுப்புக் காரணமா, கெட்ட கிணற்றின் தள்ளல் காரணமா என்பது மறைந்துபோகும். இழுப்பு என்றால் நல்ல விலை கிடைக்கும்வரை காத்திருக்கலாம். தள்ளல் என்றால் நிலத்தைத் திருத்துவது, பயிரை மாற்றுவது, நட்டஈடு கோருவது என்று செய்ய வேண்டியதே வேறு.

கிணற்றைக் கணக்கில் சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்பதைவிட, நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிணறு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே முக்கியம். மேல்பக்கம் 300 மீட்டரில் உள்ள கிணறு நன்றாக இருக்கலாம். கீழ்ப்பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணறு கெட்டிருக்கலாம்.

செயற்கைக் கோளுக்குத் தெரியாதவை

வானத்திலிருந்து பார்க்கும்போது சீமைக் கருவேல் மூடிய தரிசும் பச்சையாகவே தெரியும். தென்னை மற்றப் பல பயிர்களைவிட உப்பைத் தாங்கும். ஆகவே நெல்லை விட்டு வேறு வழியின்றித் தென்னைக்கு மாறிய தோப்பும் படத்தில் செழிப்பான பசுமையாகவே இருக்கும். காய்ந்த பாலாற்று மணலையும் வெறும் நிலத்தையும் கட்டடம் என்று தவறாக எண்ணிவிடவும் இடமுண்டு. இந்தக் குறையை நிரப்பக்கூடிய ஆவணம் கிராமத்திலேயே இருக்கிறது. அதுதான் அடங்கல். ஒவ்வொரு பசலியிலும் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எது தரிசு என்பது அதில் பதிவாகிறது. தொடர்ந்து மூன்று, நான்கு பசலி தரிசு என்று இருக்கும் நஞ்சை நிலம் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆனால் பதிவு உண்மையாக இருக்க வேண்டும். உண்மையில் தரிசாகக் கிடக்கும் நிலத்துக்குப் பழக்கத்தில் 'நெல்' என்று எழுதிவிட்டால், பின்னாளில் அது விவசாயிக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

கிணற்று நீரை அளப்பது எப்படி?

ஆண்டுக்கு இரு முறை, மே மாதத்தில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஜனவரியில் ஒரு முறையும் மாதிரி எடுக்க வேண்டும். மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கலாம். உரம், பூச்சி மருந்து வைத்திருந்த பாட்டில் கூடாது. பெயர், கிராமம், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

நீரின் மின் கடத்தும் திறனைக் கொண்டு உப்பின் அளவு கணிக்கப்படுகிறது. இதன் அலகு மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்பது; பழைய அட்டைகளில் மில்லிமோ என்று இருந்தாலும் எண் ஒன்றேதான். நெடுங்காலமாக வழக்கிலுள்ள பாகுபாடு வருமாறு:

0.25 வரை: எல்லாப் பயிருக்கும் நல்லது.
0.25 முதல் 0.75 வரை: பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது.
0.75 முதல் 2.25 வரை: வடிகால் வசதியும் உப்பைத் தாங்கும் பயிரும் வேண்டும்.
2.25-க்கு மேல்: சாதாரண நிலையில் பாசனத்துக்கு ஏற்றதல்ல.

லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்புள்ள தண்ணீரை ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் செலவாகும். அதோடு வயலில் இறங்கும் உப்பு சுமார் 300 கிலோ. அதாவது ஒரே பாய்ச்சலில் ஆறு மூட்டை. மண் சாறின் மின் கடத்தும் திறன் 3-ஐத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் நெல் மகசூல் சுமார் 12 சதவிகிதம் குறையும். கத்தரி இன்னும் குறைந்த உப்பிலேயே பாதிக்கப்படும். இலவம்பாடி முள்ளுக்கத்தரி போன்ற பெயர் பெற்ற பயிரைச் செய்வோர் தண்ணீரை அளந்து பார்க்காமல் இருக்கக் கூடாது.

கணிப்பை எடை போடுதல்

'எங்கள் கணிப்பு 90 சதவிகிதம் சரி' என்று யாராவது சொன்னால் உடனே மலைத்துவிட வேண்டியதில்லை. ஒரு கிராமத்தில் 100 வயல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் 8 வயல் மனையாயின. 'எதுவும் மாறாது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கூட 92 வயல் விஷயத்தில் சரியாகச் சொன்னவராகிறார்! கணிப்பு முறை 8 வயலைக் குறிப்பிட்டு, அவற்றில் 3 மட்டும் உண்மையில் மாறியிருந்தால், 5 தவறாகச் சொன்னவை, 5 விட்டுப்போனவை. மொத்தத்தில் 90 சரி. ஆனால் மாற்றத்தைப் பொறுத்தவரை 13-க்கு 3 தான் தேறியது. கேட்க வேண்டிய கணக்கு இதுவே. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் பல நாடுகளின் 13 கணிப்புகளை இவ்வாறு சோதித்தபோது, 12-ல் சரியாகக் கணித்த மாற்றத்தைவிடப் பிழையே அதிகமாக இருந்தது. மலையையும் காப்புக் காட்டையும் ஏரியையும் கணக்கில் சேர்த்து 'மாறவில்லை, சரியாகச் சொன்னோம்' என்று மதிப்பெண் போட்டுக்கொள்வதும் ஏற்கத்தக்கதல்ல.

விதிகள் மாறும்போது பழைய அறிகுறிகளும் பொய்த்துப்போகலாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 9-9-2016 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 20-10-2016-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-ல் வந்தன. அதற்கு முந்தைய காலத்துப் படங்களை மட்டும் பார்த்துச் செய்த கணிப்பு, இந்த மாற்றத்தை அறியாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டில் சர்வே எண் வாரியாகக் கீழ்க்கண்டவற்றை ஆண்டுதோறும் குறித்து வைப்பது நல்லது: மே, ஜனவரி மாதக் கிணற்று நீரின் உப்பு அளவு; நீர்மட்டம்; சாகுபடி செய்த பயிரும் மகசூலும்; தரிசு விட்டிருந்தால் அதன் காரணம்; நாலு பக்கத்து வயல்களில் எத்தனை மனையாகிவிட்டன; பாசன வாய்க்கால் திறந்திருக்கிறதா; தார்ச் சாலைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம். பரிசோதனை அறிக்கைகளைத் தேதியுடன் பத்திரப்படுத்த வேண்டும்.

கிணற்று நீர் நன்றாக இருந்து, பக்கத்து வயல்களும் பயிரில் இருந்தால், தென்னை போன்ற நீண்ட காலப் பயிருக்குத் தயங்க வேண்டியதில்லை. நீர் நன்றாக இருந்தும் சுற்றிலும் மனை வந்துவிட்டால், காய்கறி, கீரை, பூ போன்ற குறுகிய காலப் பயிர்களைச் செய்து, பக்கத்து ஊர்ச் சந்தையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்க அவசரம் இல்லை. மனை வராமலே நீரின் உப்பு ஆண்டுக்காண்டு ஏறினால், புதிய ஆழ்குழாய்க் கிணற்றில் கடன் வாங்கிப் பணம் போடும் முன் அதே ஆழத்திலுள்ள பக்கத்துக் கிணற்று நீரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஒருவர் மட்டும் எழுதி வைத்தால் அது ஒரு கிணற்றின் கதை. கிராமத்தில் முப்பது, நாற்பது பேர் ஒரே மாதத்தில் மாதிரி எடுத்து ஒரே வரைபடத்தில் குறித்தால், உப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானத்தோடு சேர்க்கலாம். நகரத் திட்டம் தீட்ட வருவோரிடமும் கொடுக்கலாம். சாலை, சரிவு, தூரம் ஆகிய விவரங்களை அவர்கள் அலுவலகத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். பத்து ஆண்டுக்கு முன் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். வரும் மே மாதத்தில் முதல் மாதிரியை எடுத்துவிடுங்கள்.